அளவு நாடாவுடன் பிரிக்பீல்ட்ஸுக்கு

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் தோட்டத்து மக்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது தீபாவளிதான். சேலைக்கடை, பூக்கடை, பாத்திரக்கடை, முறுக்கு, வாழையிலைச் சாப்பாடு. போனஸ் பணம் கைக்கு வந்ததும் வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய், கால் வலிக்க நடந்து, இரவு பத்து மணிக்குப் பைகளோடு லயத்துக்குத் திரும்புவோம். நானும் சிறு பிராயத்திலிருந்து அப்படிப் போய் வந்தவள்தான். அந்தத் தெருக்களில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை போனது வேறு விதமான பயணம். ஒன்பது பேர் போனோம். இரண்டு சக்கர நாற்காலிகள், ஒரு வெள்ளைத் தடி, ஓர் அளவு நாடா, நீல அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகம். கடையில் ஒன்றும் வாங்கப் போகவில்லை. படிகளையும் சரிவுகளையும் அளக்கப் போனோம்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துச் சிறு பட்டணத்தில் ஊனமுற்றோர் நடத்தும் ஒரு சங்கம் இருக்கிறது. ஊனமுற்றோருக்காக நடத்துவது அல்ல, ஊனமுற்றோரே நடத்துவது. சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. தலைவர் ஒரு காலத்தில் லாரியில் கிளீண்டராக இருந்தவர். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. செயலாளர் கண் பார்வையில்லாத பெரியவர். டெலிபோன் ஆப்பரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் ஓர் அம்மாள். அவருடைய மகளுக்குப் பிறவியிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. இந்த மூவரும் தொடங்கி, இன்று முப்பது குடும்பங்களுக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள்.

சங்கத்துக்கு முதலில் கிடைத்த இடம் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. வாடகை இல்லாமல் நல்ல மனத்தோடு கொடுத்தார்கள். ஆனால் தலைவர் மேலே ஏற முடியாது. ஆகவே முதல் இரண்டு கூட்டங்கள் கீழே அஞ்சடியில் நடந்தன. தலைவர் அஞ்சடியில் உட்கார்ந்திருக்க, மேலே நாற்காலிகள் காலியாக இருந்தனவாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு ஒரு மளிகைக் கடைக்காரர் கடையின் பின்பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தார். அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவே ஒரு மேசை. அதுதான் அலுவலகம்.

இந்தச் சங்கத்தோடு எனக்கு எப்படிப் பழக்கம் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நான் வேலை செய்த பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர் பதிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் மனைவி, ஏழு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பையனுக்குக் கால்கள் பின்னிக்கொண்டிருந்தன, பேச்சு குழறல், வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். நான் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. "இவனைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லையம்மா. மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்" என்றேன். இரக்கத்தோடுதான் சொன்னேன். அவளும் "சரி டீச்சர்" என்று திரும்பிப் போய்விட்டாள்.

2003ஆம் ஆண்டிலிருந்தே ஆரம்பக் கல்வி நம் நாட்டில் கட்டாயம். நான் திருப்பி அனுப்பிய மறு ஆண்டே, 2019ல், ஊனமுற்ற எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சுற்றறிக்கை பற்றி ஆசிரியர் கூட்டத்தில் பேசியபோது அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் லயத்துக்குப் போய் அவளைக் கூப்பிடவில்லை. வேலை அதிகம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். பிறகு கொரோனா வந்தது. அதன் பிறகு நானும் மறந்தவள் போல் ஆகிவிட்டேன்.

சென்ற ஆண்டு, சங்கத்துப் பொருளாளர் அக்கா தோட்டத்துக்கு வந்து லயன் லயனாக நடந்தார். "இந்த வீட்டில் வெளியே வராத பிள்ளை யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாசலில் நிறுத்திப் பேசினார்களே தவிர, பல வீடுகளில் உண்மை சொல்லவில்லை. அந்தத் தாய் மட்டும் கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போனாள். அன்று மாலை அக்கா என்னைத் தேடி வந்தார். "டீச்சர், உங்கள் பள்ளிக்கு வந்து திரும்பிப் போன பிள்ளையாமே" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார். போனேன்.

பிரிக்பீல்ட்ஸ் பயணத்தின் கதை இதுதான். பட்டணத்து நகராண்மைக் கழகத்துக்குச் சங்கம் பல கடிதங்கள் எழுதியிருந்தது. "எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுங்கள்" என்று அங்கிருந்து ஒரு பதில் வந்தது. சரி, பார்வையற்றோர் அதிகமாக வாழும் பிரிக்பீல்ட்ஸில் எது நன்றாக இருக்கிறது, எது கெட்டுப் போயிருக்கிறது என்று அளந்து எழுதி, படம் எடுத்துக் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். பையனையும் தாயையும் கூட அழைத்துக்கொண்டார்கள். சங்கம் தேடிக் கொடுத்த பழைய சக்கர நாற்காலி ஒன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. வயது பதினான்கு ஆகியும் அவன் ரயிலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

தஞ்சோங் மாலிம் நிலையத்தில் காலை எட்டு மணிக்குக் கூடினோம். 1922ல் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் கல்லூரி தொடங்கிய ஊர் அது. எத்தனையோ ஆசிரியர்களை உருவாக்கிய ஊர் வழியாக இந்தப் பையனை நான் அழைத்துப் போகிறேனே என்று நினைத்துக்கொண்டேன். பயணச்சீட்டு வாங்கும்போது ஊனமுற்றோர் அட்டை வைத்திருந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம். பையனுக்கு அட்டை இல்லை. தாய் சுருக்குப் பையைத் திறந்து முழுப் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

அட்டை எடுக்க அவளுக்கு இதுவரை மனம் வரவில்லை. காரணத்தை ரயிலில்தான் சொன்னாள். பையனுக்கு ஓர் அக்காள் இருக்கிறாள், கல்யாண வயது. "அட்டையில பேரு ஏறிட்டா, இது பரம்பரையில வர்ற சீக்குன்னு பேசுவாங்க டீச்சர். பொண்ணு வாழ்க்கை கெட்டுப் போயிடும்." பொருளாளர் அக்கா அவசரப்படவில்லை. தன் மகளுக்கும் ஐந்து வருஷம் அட்டை எடுக்காமல் இருந்ததைச் சொன்னார். "அட்டையை நெத்தியிலயா ஒட்டிக்கிட்டுத் திரியப் போறோம்? பையில வச்சிருக்கலாம். ஆஸ்பத்திரியில காட்டலாம், ரயில்ல காட்டலாம். எடுக்கறதும் எடுக்காததும் உன் இஷ்டம்மா. ஆனா எடுக்கலைன்னா சர்க்கார் கணக்குல உன் பையன் இல்லை. இல்லாத பிள்ளைக்கு யாரு பள்ளிக்கூடம் கட்டுவா?" தாய் ஒன்றும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொமுட்டர் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயணம். மேடைக்கும் ரயிலுக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தாண்டும்போது முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். இறங்கும்போது முதுகுப் பக்கமாக இறக்க வேண்டும். தலைவர் எனக்கு இரண்டு முறை காட்டிக் கொடுத்தார். மூன்றாவது முறை நானே செய்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆசிரியை வேலை பார்க்கிறேன்; பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

வழியில் தலைவர் ஒரு பழைய கதை சொன்னார். 1980ல் கனடா நாட்டில் வின்னிபெக் நகரில் ஓர் உலக மாநாடு நடந்தது. ஊனமுற்றோர் மறுவாழ்வு பற்றிய மாநாடு. டாக்டர்களும் அதிகாரிகளும் நிறைந்த சபை அது. முடிவெடுக்கும் இடத்தில் எங்களுக்கும் சம பங்கு வேண்டும் என்று ஊனமுற்றோர் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். அப்படியானால் எங்களுக்கு நாங்களே ஓர் உலக அமைப்பு வைத்துக்கொள்கிறோம் என்று கிளம்பி வந்தவர்கள், மறு வருஷம் 1981ல் அதைத் தொடங்கிய இடம் எது தெரியுமா? சிங்கப்பூர்! அந்த வருஷம்தான் ஐக்கிய நாடுகள் சபையின் அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டு. அமைப்பின் முதல் தலைவர் சிங்கப்பூர்க்காரரான ரோன் சந்திரன்-டட்லி. இளம் வயதில் பார்வையை இழந்தவர். 1986ல் சிங்கப்பூரிலும் ஊனமுற்றோர் சங்கத்தை உருவாக்கி, 2015 கடைசியில் காலமானார். "நம்ம பக்கத்து வீட்டுல நடந்தது டீச்சர். நம்ம ஆளுங்க எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று தலைவர் கேட்டார். எனக்கே அன்றுதான் தெரியும்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மின்தூக்கி வழியாகக் கீழே வந்து, ஜாலான் துன் சம்பந்தனுக்கு வந்தோம். முன்னே பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்று இருந்த தெரு. தோட்டத் தொழிலாளர் சேமிப்பைத் திரட்டி 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தனாரின் பெயரில் இன்று விளங்குகிறது. 1881ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்பு வீடுகள் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று உத்தரவானது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் ஆகையால் இந்தப் பெயர். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு நம்மவர்களும் யாழ்ப்பாணத்தவர்களும் வந்து குடியேறினார்கள். 2010ல் 'லிட்டில் இந்தியா' என்று வளைவும் வண்ணமுமாக ஆக்கினார்கள். இவையெல்லாம் பலரும் எழுதியவை.

நான் பார்க்கப் போனது தரையை. நடைபாதையில் மஞ்சள் கற்கள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. எத்தனையோ முறை அவற்றை மிதித்திருக்கிறேன். அழகுக்குப் போட்டது என்றே நினைத்திருந்தேன். செயலாளர் ஐயா தடியால் தட்டிக் காட்டினார். நீளக் கோடுகளாகப் புடைத்திருந்தால் 'நேரே போகலாம்' என்று பொருள். வட்டப் புள்ளிகளாகப் புடைத்திருந்தால் 'நில், முன்னால் ஏதோ இருக்கிறது' என்று பொருள். ரோடு இருக்கலாம், படி இருக்கலாம், வழி திரும்பலாம். செருப்புக் காலாலேயே கண்டுபிடித்துவிடலாம். "அரிச்சுவடி மாதிரிதாம்மா. இரண்டே எழுத்து" என்றார்.

அந்த இரண்டு எழுத்தையும் வாசித்துக்கொண்டே ஐயா முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். ஓரிடத்தில் கோட்டுக் கல்லின் மேலேயே மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தது. இன்னோரிடத்தில் கடையின் விளம்பரப் பலகை. வேறோரிடத்தில் கற்களின் வரிசை நேராக ஒரு கம்பத்தில் போய் முடிந்தது. ஒரு சாக்கடை மூடியைச் சரிசெய்யத் தோண்டியவர்கள், திரும்ப மூடும்போது கோட்டுக் கல்லைக் குறுக்கே திருப்பிப் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த எழுத்துப் பிழையை நம்பி நடந்தால் நடு ரோட்டுக்குப் போய்ச் சேரலாம். பொருளாளர் அக்கா படம் எடுத்தார். நான் கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்.

ஐயா இந்த இடத்துக்கு முதன் முதலாக வந்தது 1970களில், பதினெட்டு வயதில். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். குழந்தையில் அம்மை போட்டுக் கண் போனது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951ல் தொடங்கியது. அதன் கர்னி பயிற்சி நிலையம் 1953லிருந்து இங்கே பிரிக்பீல்ட்ஸில் கூடை பின்னுதல் முதலிய கைத்தொழில்கள் சொல்லிக் கொடுத்தது. ஐயா அங்கே டெலிபோன் வேலை கற்றார். பயிற்சி முடித்தவர்கள் பலர் இந்தப் பகுதியிலேயே தங்கி, பிடித்துவிடும் தொழில் செய்து, வீடு வாசல் குடும்பம் என்று ஆனார்கள். அப்போது மஞ்சள் கல் ஒன்றும் கிடையாது. எப்படி ஐயா நடப்பீர்கள் என்று கேட்டேன். "மூக்கும் காதும்தான்" என்றார். மாவு மில்லில் மிளகாய்த்தூள் வாசனை வந்தால் இன்ன முனை. மல்லிகை வாசனை வந்தால் ரோட்டைக் கடக்க வேண்டும். ரயில் சத்தம் இடப்பக்கம் கேட்டால் வழி தவறவில்லை. இப்போது மில்லும் போய்விட்டது, எங்கே பார்த்தாலும் ஒரே கார் சத்தம்.

பணத்தாள்களை எப்படி அறிவார் என்றும் காட்டினார். ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியும் பிளாஸ்டிக் தாள், தொட்டாலே தெரியும். மற்றவை தொகை ஏற ஏறப் பெரிதாகும். இருபதும் ஐம்பதும்தான் விரலை ஏமாற்றும். ஆகவே ஐம்பதை மட்டும் மூன்றாக மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்வார்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி, தமிழ் கற்பிக்கிற எனக்கு மிகவும் பிடித்தது. 1964ல் இந்த நாட்டில் பார்வையற்றவர்களே கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். முன்னே இருந்தது பார்வையற்றோருக்கான சங்கம். இது பார்வையற்றோரின் சங்கம். "இரண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? நீங்கதான் இலக்கணம் சொல்லிக் கொடுக்கறவங்க" என்றார். நான்காம் வேற்றுமைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் உள்ள வித்தியாசம் என்றேன். 'கு' உருபு போட்டால் யாரோ கொடுக்க, இவர்கள் வாங்குகிறார்கள். 'உடைய' என்று போட்டால் பொருளே இவர்களுடையது. ஐயா கை தட்டிச் சிரித்தார். ஒன்று நல்லது மற்றது கெட்டது என்று அவர் சொல்லவில்லை. பயிற்சி கொடுத்து ஆளாக்கியது முந்தியதுதான் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு சிறு சண்டையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சங்கம் என்றால் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முனையில் நடைபாதை ரோட்டோடு சமமாக, மேடு பள்ளம் இல்லாமல் இறங்கியது. தலைவர், "இதுதான் அருமை, இப்படித்தான் எல்லா இடத்திலும் வேண்டும், எழுதுங்க டீச்சர்" என்றார். ஐயா, "எழுதாதீங்கம்மா!" என்றார். ரோட்டோடு சமமாகிவிட்டால் நடைபாதை எங்கே முடிகிறது என்று தடிக்குத் தெரியாது. நேரே கார் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். அப்படியானால் அங்கே புள்ளிக் கல் வைக்கலாம் என்றார் அக்கா. புள்ளிக் கல்லின் மேல் நாற்காலி போனால் முதுகெலும்பே ஆடுகிறது என்றார் தலைவர். வெயிலில் கால் மணி நேரம் நின்று வாதாடினார்கள். கடைசியில் இறக்கம் இருக்கட்டும், இறக்கத்தின் முனையில் ஒரே ஒரு பட்டை புள்ளிக் கல் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அதைத்தான் எழுதினேன். கண்ணும் காலும் நன்றாக இருக்கிற ஒருவர் மேசையில் உட்கார்ந்து இந்தப் படத்தை வரைந்தால் இது அவருக்கு எப்படித் தெரியும்?

சரிவுக்குக் கணக்கு உண்டு. ஓரடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு இழுக்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு கட்டடத்தின் வாசலில் சரிவு போட்டு, நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படமும் ஒட்டியிருந்தார்கள். நானும் அக்காவும் நாடா பிடித்தோம். உயரம் ஒன்றரை அடி. சரிவின் நீளம் ஆறே அடி. பதினெட்டு இருக்க வேண்டியது. தலைவர் ஏறிப் பார்த்தார். பாதி வழியில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. பின்னால் நான் பிடித்திராவிட்டால் மல்லாந்து விழுந்திருப்பார். "படம் மட்டும் அழகா ஒட்டியிருக்காங்க" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். 2008ல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. பொதுக் கட்டடம், பொதுப் போக்குவரத்து, கல்வி, வேலை எல்லாவற்றிலும் உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த உரிமையை ஒருவர் மறுத்தால் அவருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் வந்தபோது எழுதப்படவில்லை. 2010ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஊனமுற்றோர் உரிமை ஒப்பந்தத்தையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. "பல் இல்லாத பாம்புதான் டீச்சர், ஆனா பாம்புன்னு ஒண்ணு இருக்குல்ல? கடிதத்துல அதன் பேரைப் போட்டு எழுதினா கொஞ்சமாவது நின்னு பார்ப்பாங்க" என்றார் தலைவர். இவர்கள் எழுதிய கடிதங்களால் எங்கள் பட்டணத்தில் இதுவரை இரண்டு சரிவுகள் வந்திருக்கின்றன. ஒன்று கிளினிக்கில், ஒன்று தபால் நிலையத்துக்குப் பக்கத்தில். மற்றக் கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன.

பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிடப் போனோம். பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையில் மீன் குழம்பு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அந்தக் கடைக்கு இரண்டு படிகள். பக்கத்துக் கடை தரையோடு தரையாக இருந்தது. அங்கே சாப்பிட்டோம். குழம்பு சுமார்தான், ஆனால் ஒன்பது பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பையனுக்குத் தாய் ஊட்டினாள். அவன் சாம்பாரைத் தள்ளிவிட்டு அப்பளத்தை மட்டும் கேட்டுக் கேட்டுத் தின்றான்.

தாய் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். காலையிலிருந்தே கொடுக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. ஏனம்மா என்று கேட்டேன். "வெளியே கூட்டிட்டு வந்தா கொடுக்க மாட்டேன் டீச்சர். ஒண்ணுக்கு வந்தா எங்கே கொண்டு போறது? சின்னப் பிள்ளையா, தூக்கிப் பிடிக்க?" இதைக் கேட்டதும் பொருளாளர் அக்கா எழுந்தார். ஒரு பெரிய கட்டடத்தில் ஊனமுற்றோர் கழிவறை இருக்கிறது என்று ஐயா சொன்னார். போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிஷம். கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பங்கள், வாளிகள், மூன்று பழைய நாற்காலிகள். சாவிக்காரர் கெட்டவர் இல்லை. வெட்கப்பட்டு, தானே எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். "யாரும் கேட்டு வந்ததில்லையே" என்றார். கேட்டு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று அக்கா அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த இடத்தை நான் புத்தகத்தில் எழுதினேன். பையன் வெளியே வந்ததும் தாய் ஒரு போத்தல் தண்ணீரைத் திறந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான்.

ஆற்றோரமாக இருக்கிற ஜாலான் தெபிங் வரை போய்விட்டு, ஐயா தம் பழைய பயிற்சி நிலையத்தின் வாசலில் சிறிது நேரம் நின்றார். பிறகு திரும்பினோம்.

ரயிலில் எல்லாருக்கும் அசதி. தலைவரும் அக்காவும் வேன் செலவைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள்; பெட்ரோல் பணம் யார் கொடுத்தது என்பது சங்கத்தில் தீராத வழக்கு. பையன் ஜன்னலோரம். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். அவன் பேச்சு எனக்கு விளங்குவதில்லை. நான் காது கொடுக்கவும் இல்லை. ரயில் ரவாங்கை விட்டுக் கிளம்பியதும் மறுபடி ஏதோ சொன்னான். தாய் சிரித்தாள். "என்னம்மா சொல்கிறான்?" என்றேன். "செரெண்டான்னு சொல்றான் டீச்சர்." சிறிது நேரம் கழித்து ஒலிபெருக்கி, அடுத்த நிலையம் செரெண்டா என்று மலாயில் அறிவித்தது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். செரெண்டாவை விட்டதும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பா... காலி" என்றான். அடுத்தது பத்தாங் காலிதான். அதற்கப்புறம் ராசா. அதற்கப்புறம் கோல குபு பாரு. ஒரே ஒரு தரம், காலையில் வரும்போது, அறிவிப்பைக் காதால் கேட்டவன், மாலையில் அத்தனையையும் பின்னிலிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்கிறான். "கே.எல்.லருந்தே சொல்லிட்டுத்தான் வர்றான். வீட்டுலயும் இப்படித்தான். டி.வி.யில கேட்டதையெல்லாம் வரிசையாச் சொல்லுவான்" என்றாள் தாய், அது ஒரு பெரிய விஷயமில்லை என்பது போல.

என் வகுப்பில் வாய்பாட்டைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். அவளிடம், "அன்றைக்கு நான் உன்னைத் திருப்பி அனுப்பியது தப்பு" என்றேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. ரயில் தஞ்சோங் மாலிமை நெருங்கும்போதுதான், "நீங்க மட்டுமா டீச்சர்? நானும்தான் இவன் மேல நம்பிக்கை வைக்கலை" என்றாள். பிறகு, "திங்கக்கிழமை அந்த பாரத்தை எழுதிக் கொடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். பாரம் பெரிய கஷ்டமில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல், படம். அரசாங்க டாக்டர் பார்த்து உறுதி செய்து கையெழுத்திட வேண்டும். பிறகு மாவட்டச் சமூக நல இலாகாவில் கொடுக்க வேண்டும். அதே பிளாஸ்டிக் உறையில்தான் சான்றிதழ் இருந்தது. இந்தத் தடவை பிரித்தேன். டாக்டரைப் பார்க்கத் தேதி கிடைத்திருக்கிறது. பதினான்கு வயதுப் பையனை எந்தப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ப்பது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வருகிறோம். இல்லையென்றால் சமூக மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. 1984ல் திரெங்கானுவில் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய திட்டம் அது. மற்ற வீடுகளில் கதவைத் திறக்காதவர்களில் இருவர், இவள் போய்ச் சொன்ன பிறகு, என்னிடம் பாரம் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியின் அலுவலக வாசலுக்கு மூன்று படிகள். இத்தனை வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். போன வாரம் ஆறு வெள்ளிக்கு ஓர் அளவு நாடா வாங்கி, பள்ளி விட்ட பிறகு அளந்தேன். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். மொத்தம் ஒன்றரை அடி. சரிவு பதினெட்டு அடி வேண்டும். படிக்கும் கொடிக்கம்பத்துக்கும் இடையே பதினான்கு அடிதான் இருக்கிறது. தலைமையாசிரியர், மேலாளர் வாரியக் கூட்டத்தில் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு திருப்பம் வைத்து, பூச்செடிப் பக்கமாக வளைத்துக் கட்டினால் இடம் போதும் என்று சங்கத் தலைவர் ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தார். கூட்டம் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. காகிதம் என் கைப்பையில் இருக்கிறது.